ஐந்தோடு நிறுத்தலாமா, ஆறாவதையும் வாங்கலாமா?

டக்ளஸ் ஆடம்ஸின் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' என்ற விண்வெளி நகைச்சுவை நாவல் வரிசையில் நான்கு புத்தகங்களை முடித்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, மீதி ரெண்டுல எதை வாங்கட்டும்?" ஐந்தாவதான 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' 1992இல் வந்தது. ஆறாவது, ஆடம்ஸ் 2001இல் இறந்த பிறகு அவர் மனைவியின் சம்மதத்தோடு ஓயின் கோல்ஃபர் எழுதி 2009இல் வந்தது. இரண்டையும் காசு கொடுத்து வாங்கியவன் நான். ஐந்தோடு நிறுத்து என்றேன்.

ஐந்தாவதில் குறை இல்லாமல் இல்லை. நாலாவதில் நம்மோடு ஒட்டிக்கொண்ட, நாயகன் ஆர்தரின் காதலி ஃபென்சர்ச் சில வரிகளில் காணாமல் போகிறாள். கடைசியில் இணைப் பிரபஞ்சங்களில் இருக்கும் எல்லாப் பூமிகளும் அழிகின்றன. ஆறாவது அந்த இருட்டிலிருந்து ஆர்தரைக் காப்பாற்றுகிறது. அதற்காகவே ஆசையாக வாங்கி, ஏற்காட்டில் மழைக்கு அறையில் அடைந்து கிடந்த இரண்டு நாளில் படித்தேன். ஏமாற்றம்தான். சிரிப்பு கிளம்பும் நேரத்தில் கதையை நிறுத்தி, கதைக்குள் வரும் 'கைடு' என்ற விண்வெளி வழிகாட்டி நூலிலிருந்து 'கைடு குறிப்பு' என்று ஒரு பத்தி. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. ஆடம்ஸும் இப்படிக் குறுக்கே வருவார். ஆனால் முதல் புத்தகத்தில் காதுக்குள் போடும் பேபல் மீனைப் பற்றிய குறிப்பை எடுத்துவிட்டால், வேற்றுக்கிரகப் பேச்சு ஆர்தருக்கு எப்படிப் புரிந்தது என்பதே தெரியாது. ஆறாவதில் பல குறிப்புகளைத் தாண்டிப் போனாலும் எதுவும் குறையவில்லை.

நகைச்சுவை நாவலுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: இரண்டாம் முறை படிக்க முடிகிறதா? ஐந்தாவதில் ஆர்தர் லாமுவெல்லா என்ற சின்ன கிரகத்தில் மாட்டிக்கொண்டு சாண்ட்விச் செய்து பிழைக்கிறான். ஊரே அவனை மதிக்கிறது. முதல் தடவை சிரித்ததோடு சரி. அப்புறம் ஒரு சாயங்காலம் சேலத்தில் தட்டுவடை செட் கடை முன்னால் நின்றிருந்தேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் அளவு பிசகாமல் வைத்து மூடிக்கொண்டே இருந்தார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தேன். பிரபஞ்சமெல்லாம் அலைந்தவனுக்கு ஒரு கைத்தொழில் தரும் நிம்மதி அங்கே இருக்கிறது. இதுவரை மூன்று முறை படித்துவிட்டேன்.

ஆறாவதை முழுதாக ஒரே முறைதான் படித்தேன். மறுபடி எடுத்தபோது நாற்பது பக்கம் தாண்டவில்லை. கோல்ஃபரின் சிறுவர் நாவல்களை நான் படித்ததில்லை, அதனால் அவர் எழுத்தையே குறை சொல்ல மாட்டேன். சாகாவரத்தால் சலித்துப்போய் எல்லோரையும் திட்டித் திரியும் வௌபேகருக்கு இதில் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பகுதிகள் எனக்குப் பிடித்தன.

"ஐந்தாவது முடிவு தாங்கலைன்னா சொல்லு, என்கிட்ட இருக்கிற ஆறாவதைத் தரேன். காசு கொடுத்து வாங்காதே" என்றேன். ஐந்தாவதை மட்டும் வாங்கியிருக்கிறான்.