என்சாண்டட் ராக்கா, பெடர்னலெஸ் ஃபால்ஸா? ஆஸ்டினிலிருந்து கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

டெக்சஸின் ஹில் கன்ட்ரியில் இருக்கும் இந்த இரண்டு மாநிலப் பூங்காக்களில் எதை எடுப்பது என்பதை அழகை வைத்து முடிவு செய்ய முடியாது. எவ்வளவு சாமான் கொண்டு போகிறீர்கள், எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

என்சாண்டட் ராக்கில் காரை கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. வண்டியை விட்டுவிட்டு, சாமான்களைச் சுமந்து நடக்க வேண்டும். ஆர்.வி.க்கும் (தங்கும் வசதியுள்ள வண்டி) டிரெய்லருக்கும் இடமே இல்லை. பெரிய ஐஸ் பெட்டி, இரண்டு பர்னர் அடுப்பு, குக்கர் என்று கிளம்புகிற குடும்பத்துக்கு முதல் ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடும். பெடர்னலெஸில் கூடார இடம் வரை கார் போகும். தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் உள்ள இடங்கள் கிடைக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் யோசிக்காமல் பெடர்னலெஸ்.

ஆனால் என்சாண்டட் ராக் பாறைக்கு ஈடு கிடையாது. சுற்றுத்தரையிலிருந்து 425 அடி எழும் இளஞ்சிவப்பு கிரானைட் குன்று. உச்சிக்குப் போகும் பாதை ஒரு மைலுக்கும் குறைவு, ஆனால் பாறை மேல் நிழல் கிடையாது. கோடையில் பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பாறை மாலையிலும் கக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. மற்ற மாதங்களில் விடிந்ததும் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மழை பெய்தால் ஏறாதீர்கள்: ஈரப் பாறை வழுக்கும், மொட்டை உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. உச்சியில் குழிகளில் தேங்கும் மழைநீரில் நுண்ணிய இறால்கள் வாழ்கின்றன; அதில் காலை விடக்கூடாது. உச்சிப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை.

கோடைக்குப் பெடர்னலெஸ். இங்கே பலர் ஏமாறுவது ஒரே விஷயத்தில்: அருவிப் பகுதியில் குளிக்கத் தடை. நீந்துமிடம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தனியாக இருக்கிறது, படிகள் இறங்கிப் போக வேண்டும். இன்னொன்று வெள்ளம். சுண்ணாம்புப் பாறை மேல் மண் மெல்லிசு, மழை உறிஞ்சப்படாமல் அப்படியே ஓடி வரும். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், மேற்கே கொட்டிய மழை ஆற்றில் வந்து சேரும். தண்ணீர் கலங்கினாலோ, கொஞ்சம் ஏறினாலோ, துண்டைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். 2025 ஜூலையில் இதே வட்டாரத்துக் குவாடலூப் ஆறு ஓரிரவில் வெள்ளமாய் ஏறி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

டிசம்பர், ஜனவரியில் ஜூனிபர் மரத்தின் மகரந்தம் மூக்கைப் பதம் பார்க்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரை எடுத்துப் போகலாம். இரண்டிடத்திலும் தரை இறுகியது. கூடாரத்தோடு வரும் அலுமினிய முளைகள் வளையும். எஃகு முளையும் சின்னச் சுத்தியலும் வேண்டும். விறகு பொறுக்கக் கூடாது, வாங்கித்தான் எரிக்க வேண்டும். நெருப்புத் தடை இருந்தால் அதுவும் இல்லை. மீந்த சாம்பாரை வெளியே வைத்துத் தூங்கினால் ரக்கூன் வரும்.

கூடார இடங்களை 5 மாதம் முன்பே பதியலாம். வசந்தகாலச் சனிக்கிழமை வேண்டுமென்றால் பதிவு திறக்கும் அன்றே பதிய வேண்டும். தவறினால் செவ்வாய், புதன் பாருங்கள். பகல் நேர அனுமதி 30 நாள் முன்பு திறக்கும். என்சாண்டட் ராக் நிரம்பினால் வாசலை மூடிவிடுவார்கள். பதிவில்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.