மகோகனிப் பெட்டியில் ஒரு பழைய அறுவை சிகிச்சைத் தொகுப்பு

1846ஆம் ஆண்டு பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தின் பயன் மெய்ப்பித்துக் காட்டப்படும் வரை, கை கால்களை வெட்டி நீக்கும் மருத்துவர்கள் வேகத்தையே பெரிதும் நம்பியிருந்தார்கள். அந்த வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட, லண்டனில் செய்த ஓர் அறுவை சிகிச்சைக் கருவித் தொகுப்பை நிதானமாக ஆராய்ந்து எழுதும் மதிப்புரை இது.

முதலில் கத்திகளின் பிடியைச் சொல்ல வேண்டும். கருங்காலி மரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரத்தத்தில் நனைந்த கை வழுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே செய்த வேலை என்றாலும், வரிகளின் இடைவெளி பிடியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பிசகாமல் இருப்பதைப் பார்க்கும்போது, கைவினைஞரின் பொறுமை வியக்க வைக்கிறது. நீண்டு ஒடுங்கிய கத்தியின் எஃகு பிடிக்குள் நுழையும் இடத்தில் நகம்கூட இடறவில்லை. ரம்பத்தின் முதுகில் பதித்த கனமான உலோகப் பட்டை, எலும்பை அறுக்கும்போது மெல்லிய தகடு வளையாமல் காக்கிறது.

இரத்த ஓட்டத்தை நிறுத்தும் பித்தளைத் திருகுக் கட்டு, பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி பெட்டி 1718இல் உருவாக்கிய முறையைச் சார்ந்தது. திருகைச் சுழற்றினால் இரு தகடுகளும் விலகி, கை காலைச் சுற்றிய துணிப் பட்டையை இறுக்குகின்றன. மரை இன்றும் தடையின்றி ஓடுகிறது. பட்டை மட்டும் பிற்காலத்தது. துணி இற்றுப்போவது இயல்பு என்பதால் இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

எலும்பு வெட்டும் இடுக்கியைத்தான் ஏற்க முடியவில்லை. அது நிக்கல் முலாம் பூசியது. வெல்வெட் விரித்த குழியிலும் சரியாக அமரவில்லை. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867இல் கிருமிநாசினி முறையை வெளியிட்ட பிறகு, கருவிகளைக் கொதிநீரிலும் நீராவியிலும் தூய்மைப்படுத்தும் வழக்கம் படிப்படியாக வந்தது. அந்த வெப்பத்தை மரப்பிடிகள் தாங்காததால் முழு உலோகக் கருவிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இந்த இடுக்கி அந்தப் பிற்காலத்தது. தொலைந்ததற்கு ஈடாக யாரோ வைத்திருக்கிறார்கள். விற்பவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே இதை முழுமையான தொகுப்பு என்று மதிப்பிட்டு வாங்க வேண்டாம். கத்திகளுக்காகவும் ரம்பத்துக்காகவும் தாராளமாக வாங்கலாம். வாங்கியபின் எஃகின் கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தேய்த்தால் செய்தவரின் முத்திரையும் சேர்ந்து அழிந்துவிடும்.