ரீஃபிலா, டேங்க் பிரிண்டரா: ஹெட் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு

எங்கள் வீட்டில் பிரிண்டர் மாதத்துக்கு முப்பது பக்கம் ஓடினால் அதிகம். அதுவும் சீராக இல்லை. ஒரு வாரம் பதினைந்து பக்கம் போகும், அப்புறம் மூன்று வாரம் அதைத் தூசி தட்டக்கூட ஆள் இருக்காது. கேட்ரிட்ஜ் தீரும்போதெல்லாம் "இன்னமும் கேட்ரிட்ஜா? டேங்க் வாங்குங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. கேட்ரிட்ஜ் இல்லாமல், பாட்டில் இங்க்கைத் தொட்டியில் ஊற்றிக்கொள்கிற பிரிண்டர்தான் டேங்க். நானும் ஒரு நாள் டேங்க் வாங்கத்தான் கிளம்பினேன். திரும்பி வரும்போது கையில் இருந்தது நாலு சின்ன பாட்டில் இங்க், சில சிரிஞ்சுகள், ஒரு பாக்கெட் கையுறை. மூன்று வருஷமாக அதே பழைய பிரிண்டருக்கு நானே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நான் ரீஃபில் கட்சி, அதாவது தீர்ந்த கேட்ரிட்ஜையே மறுபடி நிரப்புகிறவன்.

முதலில் சீக்கிரம் கழித்துவிட வேண்டியவை. தீரும்போதெல்லாம் புது ஒரிஜினல் வாங்குவதில் தொந்தரவே இல்லை, பக்கத்துக்கு ஆகிற செலவுதான் தாங்காது. லேசரில் டோனர் உலர்ந்த பொடி. காய்ந்துபோக அதில் ஈரமே கிடையாது. கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்பவர்கள் மேலே படிக்காமல் லேசரே வாங்கிவிடலாம். எங்களுக்குக் கலர் வேண்டும்.

அடுத்தது கம்பாட்டிபிள் கேட்ரிட்ஜ், அதாவது பிரிண்டர் கம்பெனி அல்லாத வேறொருவர் விற்பது. தாளில் இங்க்கைத் தெளிக்கிற ஹெட், கேட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிற மாடல்களில் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் யாரோ தீர்த்துவிட்டு எறிந்த ஒரிஜினலைச் சுத்தம் செய்து மறுபடி நிரப்பியது. நான் வீட்டில் செய்கிற வேலையைத்தான் வேறொருவர் செய்து தருகிறார். அந்த ஹெட் அதற்கு முன்னால் என்ன பாடு பட்டது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. வெறும் இங்க் டப்பாவாக வருகிற மாடல்களில் புதிதாகவே தயாரித்த கம்பாட்டிபிள் உண்டு. அங்கே தலைவலி, கேட்ரிட்ஜ் யாருடையது என்று பிரிண்டருக்குச் சொல்கிற சிப். ஹெச்பி 'டைனமிக் செக்யூரிட்டி' என்று ஒன்றை வைத்திருக்கிறது. பிரிண்டருக்குள் இருக்கிற மென்பொருள் (ஃபர்ம்வேர்) அப்டேட் ஆனதும், நேற்றுவரை ஓடிய வெளிச் சிப்பை இன்றைக்கு ஏற்காமல் போகலாம். ஆனால் தன்னுடைய சிப்பையே மறுபடி பயன்படுத்தும் கேட்ரிட்ஜ் வேலை செய்யும் என்று அதே கம்பெனி சொல்கிறது. ஒரிஜினலை வாங்கி, தீரத் தீர அதையே நிரப்புகிறவனுக்கு இது வசதி.

மிச்சம் இருப்பது இரண்டுதான்: டேங்க் பிரிண்டர், கை ரீஃபில்.

பக்கக் கணக்கில் டேங்க்தான் ஜெயிக்கும், அதில் சண்டையே இல்லை. கேனனின் ஜிஐ-790 கறுப்பு பாட்டில் 135 மில்லி. 6,000 பக்கம் வரும் என்கிறது கம்பெனி. எப்சனின் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம். சின்ன கேட்ரிட்ஜ்கள் இருநூறு பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறவை. அந்த 6,000 பக்கத்தை என் வீட்டு முப்பதால் வகுத்துப் பார்த்தேன். இருநூறு மாதம். பதினாறு வருஷத்துக்கு மேல்! அந்தப் பிரிண்டரும் இருக்காது, அந்த இங்க்கும் அதுவரை இங்க்காக இருக்காது. சும்மா சொல்லக் கூடாது, ரீஃபில் பாட்டிலுக்கும் இதே சிக்கல் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய பாட்டில் வாங்கிவிட்டால் பாதி தீருவதற்குள் பழசாகிவிடும். அதனால் சின்ன பாட்டிலாகவே வாங்குகிறேன்.

இனி ஹெட்டுக்கு வருவோம். என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

இங்க்ஜெட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், மயிரிழையை விட மெல்லிய துளைகளுக்குப் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது. அது கண்ணிமைப்பதற்குள் சுமார் 300 டிகிரிக்குச் சூடேறி இங்க்கில் ஒரு குமிழியை உண்டாக்க, அந்தக் குமிழி ஒரு சொட்டை வெளியே தள்ளுகிறது. ஹெச்பியும் கேனனும் இந்த வழி. இன்னொன்றில் சூடே இல்லை. மின்சாரம் பட்டதும் வளைகிற ஒரு படிகம் இங்க்கை நசுக்கித் தள்ளும். எப்சனும் பிரதரும் இந்த வழி. படிகத்துக்கு ஆயுள் அதிகம் என்பதால் ஹெட்டைப் பிரிண்டரிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். சூடாகிற ஹெட்டுக்கு ஆயுள் குறைவு. அதனால் சின்ன பிரிண்டர்களில் அதை கேட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டித் தருகிறார்கள். கேட்ரிட்ஜைத் திருப்பிப் பாருங்கள். செப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தொடுமுனைகளும், அடியில் ஒரு பளபளப்பான பட்டையும் இருந்தால் ஹெட் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். 1984இல் ஹெச்பி கொண்டுவந்த திங்க்ஜெட்டிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. இங்க் தீர்ந்தால் ஹெட்டையும் சேர்த்து எறிந்துவிடலாம். அன்றைக்கு அதில் மொத்தம் பன்னிரண்டு துளை.

எறிவதற்காகச் செய்ததைத்தான் நாம் எறியாமல் வைத்துக்கொள்கிறோம். அடைத்துக்கொண்டால் எறியவும் முடிகிறது. டேங்கில் சில மாடல்களில்தான் இந்த இரண்டாவது வசதி உண்டு.

அக்கா வீட்டில் டேங்க் பிரிண்டர். பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக வாங்கியது, நன்றாகத்தான் ஓடியது. விடுமுறையில் இரண்டு மாதம் யாரும் தொடவில்லை. பள்ளி திறந்ததும் போட்டால் மெஜந்தா அறவே காணோம், கறுப்பு கோடு கோடாக விழுகிறது. என்னைக் கூப்பிட்டாள். ஹெட் க்ளீனிங் கொடுத்தேன், எல்லாத் துளையும் ஓடுகிறதா என்று காட்டுகிற நாசில் செக் எடுத்தேன், மறுபடி க்ளீனிங். மூன்று தடவையிலும் சரியாகவில்லை என்றால் 12 மணி நேரம் சும்மா விடுங்கள் என்று எப்சன் கையேடுகள் சொல்லும். காய்ந்த இங்க் ஊறட்டும், உள்ளே போன காற்று அடங்கட்டும் என்பதற்காக. எங்களுக்கு அந்தப் பொறுமை எங்கே இருந்தது! நிறைய இங்க்கை ஒரேயடியாக இழுத்துச் சுத்தம் செய்கிற பவர் க்ளீனிங்கும் கொடுத்துப் பார்த்தோம். கண்ணெதிரே டேங்கில் ஒரு விரற்கடை இறங்கியதுதான் மிச்சம். அந்த இங்க் எல்லாம் காற்றில் போய்விடாது, பிரிண்டரின் வயிற்றில் இருக்கிற பஞ்சு மெத்தையில் போய்ச் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாகப் பிரிண்டர் கணக்குப் போட்டால் வேலையையே நிறுத்திவிடும். (சில புது மாடல்களில் இதை ஒரு டப்பாவாகக் கழற்றி மாற்றலாம். வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கவும்.) கடைசியில் சர்வீஸில் ஹெட் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை புது பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டியது. "டேய், இங்க் முழுசா இருக்கு, பிரிண்டர் செத்துப்போச்சுங்கறியே" என்றாள் அக்கா. பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

தப்பு பிரிண்டர் மேல் மட்டும் இல்லை. வேலை முடிந்ததும் அவள் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுவாள். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால், ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்த மூடிதான் ஈரத்தைக் காக்கிறது. நடுவழியில் கரண்ட்டைப் பிடுங்கினால் ஹெட் திறந்த வாயோடு நிற்கும். எந்த இங்க்ஜெட் வைத்திருந்தாலும் இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

என் பிரிண்டரும் இப்படி ஒரு மாதம் சும்மா கிடந்து கறுப்பு வராமல் போனதுண்டு. கேட்ரிட்ஜைக் கழற்றி, டிஷ்யூவை நாலாக மடித்து வெதுவெதுப்பான, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, அதன் மேல் ஹெட் படும்படி வைத்தேன். பத்து நிமிஷத்தில் டிஷ்யூவில் கருமையாக ஒரு பட்டை ஊற ஆரம்பித்தது. காய்ந்த டிஷ்யூவில் ஒரு ஒற்று ஒற்றிவிட்டு உள்ளே போட்டேன், ஓடியது. இன்னொரு தடவை கலர் கேட்ரிட்ஜ் இதற்கெல்லாம் மசியவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்று வாங்கினேன். புது ஹெட்டோடு பிரிண்டரும் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அக்காவுக்குப் பிரிண்டரே போனது, எனக்கு ஒரு கேட்ரிட்ஜோடு போனது.

சரி, நிரப்புவது எப்படி? நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் விதி, முழுக்கத் தீரும்வரை ஓட்டக் கூடாது. அந்தக் குட்டி ஹீட்டரைக் குளிரவைப்பதே இங்க்தான். வெறும் வயிற்றில் சுட்டால் அது கருகிவிடும். உள்ளே இருக்கிற பஞ்சும் ஒரு தடவை காய்ந்துவிட்டால் மறுபடி சரியாக உறிஞ்சாது. எழுத்து வெளிற ஆரம்பித்த அன்றைக்கே நிரப்பிவிடுகிறேன்.

மேல் லேபிளை மெதுவாக உரித்தால் துளைகள் தெரியும். கலரில் எந்தத் துளை எந்த நிறம் என்று நினைவை நம்பாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சியை விட்டு எடுத்து, வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். நான் ஒரு தடவை அவசரத்தில் மஞ்சள் அறையில் சயானை (நீலத்தை) ஏற்றிவிட்டு, அந்தக் கேட்ரிட்ஜ் தீருகிறவரை பச்சைச் சூரியன் அச்சடித்துக்கொண்டிருந்தேன். ஊசியைப் பஞ்சுக்குள் பாதி ஆழம் விட்டால் போதும். அடிவரை குத்தினால் அங்கே இருக்கிற சல்லடை வலை கிழியும். அப்புறம் சொட்டுச் சொட்டாக, பஞ்சு குடிக்கிற வேகத்தில் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், நிறைய இங்க் இருந்தும் கீழே இறங்காது. என் கேட்ரிட்ஜில் கறுப்புக்கு 5 மில்லி, கலரில் அறைக்கு 2 மில்லி. துளை வாயில் இங்க் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் திருப்பி உறிஞ்சிவிடுவேன். பேராசைப்பட்டு நிரப்பினால் ஒழுகும், நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்கும்.

லேபிளைத் திரும்ப ஒட்டும்போது காற்றுத் துளையை அடைத்துவிடக் கூடாது. உள்ளே காற்று போகாவிட்டால் வெளியே இங்க் வராது. பிறகு ஹெட்டை டிஷ்யூவில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மூன்று நிறமும் தனித்தனிப் பட்டையாகப் பதிந்தால் வேலை முடிந்தது. செப்பு முனைகளை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். பிரிண்டர் "இங்க் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். நாம் ஊற்றியது அதற்குத் தெரியாது. ஓகே கொடுத்துவிட்டு ஓட்டலாம். கேனனின் பல மாடல்களில் ஸ்டாப் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் அந்தக் கணக்கையே விட்டுவிடும்.

இங்க் வாங்கும்போது ஒன்று. இந்த வகை கேட்ரிட்ஜ்களில் கறுப்பு பெரும்பாலும் பிக்மென்ட் (கரையாத நிறத்துகள்), கலர் பெரும்பாலும் டை (கரைந்த சாயம்). ஒன்றில் மற்றொன்றைக் கலந்தால் உள்ளே திரிந்துபோகலாம். பாட்டிலில் எந்த மாடலுக்கானது என்று பார்த்து வாங்குங்கள்.

ரீஃபிலின் குறைகளை மறைக்கவில்லை. கை கறையாகும், கையுறை போட்டாலும் எப்படியோ ஆகும். ஒரு கேட்ரிட்ஜ் எனக்கு ஆறேழு நிரப்பு தாங்குகிறது. ஒன்று மூன்றாவதிலேயே போனது. நிறம் ஒரிஜினலோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. போட்டோ எனக்கு அனுபவம் இல்லாத பக்கம். நான் அச்சடித்த ஏழெட்டுப் படங்களில் வெயில் படுகிற சுவரில் மாட்டியது ஒரே வருஷத்தில் வெளுத்தது, ஆல்பத்தில் வைத்தவை அப்படியே இருக்கின்றன. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தினமும் பத்துப் பக்கமாவது போகிற வீடு என்றால் டேங்க்தான் சரி, நானே வாங்கச் சொல்வேன். தினம் ஓடுகிற ஹெட் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. ஹெட்டைக் கழற்றி மாற்றக்கூடிய டேங்க் மாடல்களும் உண்டு. கேனனின் ஜி வரிசை, ஹெச்பியின் ஸ்மார்ட் டேங்க் எல்லாம் அப்படித்தான். நான் சொன்ன பெரிய குறை அங்கே பாதியாகக் குறைகிறது. ஆனால் அவற்றை வைத்து நான் ஓட்டியதில்லை, அதனால் காகிதத்தில் நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அக்கா அடுத்து வாங்கியது அந்த வகைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு நிறமும் இருக்கிற ஒரு கோலத்தைச் சின்னப் பெண் அச்சடிக்கிறாள். இதுவரை அடைப்பு இல்லை.

என் பிரிண்டரில் இப்போது இருக்கிற கறுப்பு ஏழாவது நிரப்பில் ஓடுகிறது. டெஸ்ட் பேஜில் மேலே இரண்டு கோடு விழுவதில்லை, ஊறவைத்தும் திரும்பவில்லை. புது ஒரிஜினல் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.