வணக்கம் சொல்லி வந்தவனிடம் 14,800 ராண்ட் பறிகொடுத்தேன்: டர்பனில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலைதான் எனக்கு உண்மை தெரிந்தது. இரவு முழுவதும் கண் மூடவில்லை. 14,800 தென்னாப்பிரிக்க ராண்ட். வீட்டு வாசலுக்கே மெக்கானிக்கை அனுப்பிவைக்கும் ஒரு கைபேசிச் செயலியை நம்பி, அதன் வழியாக வந்த ஆளிடம் இந்தப் பணத்தை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, காரில் எந்தச் சத்தம் எதைக் குறிக்கிறது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் தமிழ் வகுப்பு எடுப்பவள். சனிக்கிழமை காலை சாட்ஸ்வொர்த், மதியம் மியர்பேங்க், ஞாயிறு வெருலம். கார் படுத்தால் வகுப்பும் படுத்துவிடும். பதினோரு வயதான சிறிய கார்தான், ஆனாலும் இதுவரை என்னை வழியில் நிறுத்தியதில்லை. சென்ற மாதம் மழை விட்ட ஒரு காலையில் சாவியைத் திருப்பியதும் கிரீச்சென்று ஒரு சத்தம். அரை நிமிடத்தில் அது அடங்கியது. அதற்கு அடியில் கரகரவென்று இன்னொரு சத்தம் மட்டும் தங்கிவிட்டது. ஏசி போட்டால் கூடும், நிறுத்தினால் குறையும். ரோபோவில் நிற்கும்போது (போக்குவரத்து விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வண்டி லேசாக உதறும். மறுநாள் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரிந்தது.

செயலியில் 450 ராண்ட் கட்டி, பரிசோதனைக்கு நேரம் பதிவு செய்தேன். சொன்ன நேரத்துக்கு மெக்கானிக் ஒரு வெள்ளை பாக்கி வண்டியில் (பின்னால் திறந்த தட்டுள்ள சரக்கு வண்டியை இங்கே அப்படிச் சொல்வோம்) வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். கார்க் கதவைத் திறந்தவன், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "வணக்கம் அக்கா" என்றான். தன் ஆயா (பாட்டி) தமிழ் பேசுவார் என்றும், சிறுவயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காவடிக்குப் போயிருப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னான். இந்த ஊரில் ஒரு இளைஞன் வாயிலிருந்து "அக்கா" என்று கேட்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தமிழ் கற்பிக்கும் எவருக்கும் தெரியும். உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த இடத்திலேயே என் எச்சரிக்கை உணர்வு போய்விட்டது.

எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் ஒரு உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டான். நாடி பார்க்கும் வைத்தியர் போலவே இருந்தது. பிறகு ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகித் திரையை என் பக்கம் திருப்பினான். பி0301 என்று ஒரு கோளாறு எண் இருந்தது. "பிக் எண்ட் பேரிங், எஞ்சினுக்குள் பிஸ்டன் கம்பியின் அடிமுனையில் இருக்கும் பேரிங், போய்விட்டது அக்கா. இன்னும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் கம்பி உடைந்து எஞ்சின் பிளாக்கைக் குத்திவிடும். நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போகும்போது நின்றால் என்ன செய்வீர்கள்?" என்றான். பிள்ளைகள் என்று சொன்னதும் என் வயிறு கலங்கியது.

எஞ்சினை இறக்கிப் பிரித்து மாட்ட 14,800 ராண்ட் என்றான். செயலி வழியாகக் கட்டினால் அவர்கள் பங்கையும் சேர்த்து 18,000 ஆகிவிடுமாம். நேராகத் தன் கணக்குக்கு அனுப்பினால் அன்றே பாகங்களை வாங்கிவிடலாமாம். மகளின் கல்லூரிப் பதிவுக்காக எடுத்துவைத்திருந்த பணம் அது. அவன் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அனுப்பிவிட்டேன். மதிப்பீட்டை எழுதித் தரச் சொல்லவில்லை. முழுப் பெயர் கேட்கவில்லை. பட்டறை எங்கே என்று கேட்டதற்கு "ஜேக்கப்ஸ் பக்கம்" என்றான். அது தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த பெரிய பகுதி. அதையும் ஒரு முகவரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்துக் கார் திரும்பியது. சத்தமே இல்லை, விளக்கும் அணைந்திருந்தது. நன்றி சொல்லி ஒரு பை முறுக்கும் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் காலை அதே கிரீச், அதே கரகர. அன்று மாலையே மஞ்சள் விளக்கும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அலைக்கழிப்பு தொடங்கியது. முதல் அழைப்பில், "புதுப் பேரிங் பழக வேண்டும் அக்கா, ஒரு வாரம் ஓட்டுங்கள்." அடுத்தது, "வியாழக்கிழமை வருகிறேன்." வியாழன் போனது. "வண்டியில் வேறு பழுதும் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் ஆகும்" என்று ஒரு செய்தி வந்தது. அதன்பின் அக்கா என்ற சொல்லே வரவில்லை. ஒரு காலையில் பார்த்தால் அவன் படம் மறைந்திருந்தது; என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

செயலியின் உதவி மையத்தைப் பிடித்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, பணம் செயலிக்கு வெளியே போனதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார். அவன் முழுப் பெயரையும் முகவரியையும் கேட்டேன். அவை தனிப்பட்ட தகவல்களாம், தர முடியாதாம். அனுப்பும்போது மட்டும் "சரிபார்க்கப்பட்ட மெக்கானிக்" என்று பச்சை அடையாளம் போட்டு அனுப்பினீர்களே என்றேன். பதில் இல்லை. அன்று மாலை புகார் முடித்துவைக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதன் அடியில், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

நேற்று என் மாணவி ஒருத்தியின் தாத்தா காரைப் பார்க்க ஒப்புக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஸ்பானர் பிடித்தவர். முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சினில் ஓரிடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். இடம் மாற்றினார். மறுபடி கேட்டார். மூன்றாவது இடத்தில் நின்றுகொண்டு என்னையும் கேட்கச் சொன்னார். காதுக்குள்ளேயே மணல் அரைப்பது போல இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஓடும் பெல்ட்டைக் கழற்றி, சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டார். சத்தம் முழுவதும் நின்றுவிட்டது. பெல்ட்டைத் தாங்கும் புல்லி ஒன்றைக் கையால் சுற்றிக் காட்டினார், நெறுநெறுவென்று சுற்றியது. உள்ளேயிருந்த சிறிய பேரிங் தேய்ந்திருக்கிறது. "பிக் எண்ட் சத்தம் இப்படி வராது அம்மா. அது அடியிலிருந்து சம்மட்டி போல இடிக்கும், ஏற்றத்தில் இன்னும் ஓங்கும். பெல்ட்டைக் கழற்றினால் அது நிற்குமா?" என்றார்.

பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரலில் பிசின் போல ஒட்டியது. வழுக்கும் பெல்ட்டின் மேல் அடிக்கும் தெளிப்பான் அது. கிரீச் சத்தம் இரண்டு மூன்று நாள் அடங்கும், பிறகு திரும்பிவிடும். அடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, சம்ப்பை (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டு; பிக் எண்டைத் தொட இதைக் கழற்றியாக வேண்டும்) விளக்கடித்துக் காட்டினார். போல்ட்டுத் தலைகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் கெட்டியாக அப்பியிருந்தன. ஸ்பானர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. இணைப்பை அடைக்கும் பழைய சீலண்ட் பசை சுற்றிலும் பிளவில்லாமல் அப்படியே இருந்தது. எஞ்சினை யாரும் திறக்கவே இல்லை. என் 14,800 ராண்டுக்கு அந்தத் தெளிப்பான் மட்டும்தான் செலவாகியிருக்கிறது. விளக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறான்.

பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே பொருள். பேரிங்கைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. பெரியவர் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டு ஓடவிட்டார். தன் மருமகனின் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது எண் பி0302 ஆனது. கோளாறு காயிலோடு சேர்ந்தே நகர்ந்தது. காயில், புல்லி, புதுப் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ராண்ட். வண்டி இப்போது ஓடுவதே தெரியவில்லை. 2,350 எங்கே, 14,800 எங்கே!

இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கழற்றிய பழைய பாகங்களை நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய அவர்கள் திருப்பித் தர வேண்டும். பழுதுபார்க்கும்போது போட்ட புதுப் பாகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். என் தொகை அதற்குள் அடங்குகிறது. ஆனால் அதற்கு முன் எதிராளிக்கு 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். எந்தப் பெயருக்கு அனுப்புவேன்? எந்த முகவரிக்கு? தேநீர் கொடுத்த அந்த நேரத்தில் நான் கேட்காமல் விட்டவை இவைதான்.

சத்தங்களைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, மனமும் நிலையில் இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது டக்டக்கென்றால் சிவி ஜாயிண்டை (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். யாராவது பிக் எண்ட் என்றால், பெல்ட்டைக் கழற்றிச் சில விநாடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். செயலிக்கு வெளியே ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள்.

வெள்ளை பாக்கியில் வந்து, முருகன் படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "வணக்கம் அக்கா" என்று சொல்லும் மெக்கானிக் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அவன் பட்டறை எங்கே என்று தெரிந்தால் உடனே சொல்லுங்கள். கடிதம் தயாராக இருக்கிறது.