நம் ஆட்டத்தை நாமே அலசுவது: லிச்செஸ் ஸ்டடியோடு சில வருட அனுபவம்

வாரக் கடைசியில் ரேட்டிங் செஸ் டோர்னமென்ட் ஆடிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகிற பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியாளர் வைத்துக்கொள்ள நேரமும் காசும் ஒத்துவராது, ஆனால் ஆட்டம் முன்னேற வேண்டும் என்ற ஆசை மட்டும் விடாது. நானும் அப்படித்தான். சில வருடங்களாக என் ஆட்டங்களை நானே உட்கார்ந்து அலசி வருகிறேன். அதற்கு நான் பயன்படுத்துவது லிச்செஸ் தளத்தின் ஸ்டடி வசதி, ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் (சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல்), ஒரு பலகை, ஒரு நோட்டு. இவற்றில் எது எனக்கு உண்மையிலேயே உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் எழுதி வைப்பதுதான் உங்களை முன்னேற்றும். எஞ்சின் வந்த பிறகு நடப்பதெல்லாம் சரிபார்ப்பு மட்டும்தான்.

லிச்செஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: 2010-ல் திபோ துப்ளெஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய தளம். முழுக்க இலவசம், விளம்பரமே கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. ஆட்டம் முடிந்ததும் கணினி அலசல் கேட்டால், அதை உலகெங்கும் தன்னார்வலர்கள் கொடுத்திருக்கும் கணினிகள் செய்து தருகின்றன. ஸ்டடி என்பது அங்கே நாம் திறந்துகொள்ளும் ஒரு கோப்பு மாதிரி. ஒரு ஸ்டடிக்குள் 64 அத்தியாயங்கள் வரை வைக்கலாம். ஒவ்வொரு நகர்த்தலுக்குக் கீழேயும் குறிப்பு எழுதலாம், அம்புக்குறி போடலாம், கிளை வரிசைகள் சேர்க்கலாம். நான் ஒரு ஆட்டத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை ஹாலிலேயே தொடங்கிவிடுகிறது. 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் தருகிற கிளாசிக்கல் ஆட்டங்களில் கடைசி நகர்த்தல் வரை எழுதியே ஆக வேண்டும். அதனால் முழு ஆட்டமும் ஸ்கோர்ஷீட்டில் இருக்கும். அதோடு, கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மீதி என்பதையும் அங்கங்கே ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே இதை அனுமதிக்கிறது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அந்த எண்கள் சொல்வதை எந்த எஞ்சினும் சொல்லாது. எனக்கு அவை காட்டியது இதுதான்: வெட்டினால் திருப்பி வெட்டியே ஆக வேண்டிய இடங்களில் நிமிடக் கணக்கில் யோசித்திருக்கிறேன். வெட்டு எதுவும் இல்லாத அமைதியான நிலையில், உண்மையில் திட்டம் போட வேண்டிய இடத்தில், சட்டென்று நகர்த்தியிருக்கிறேன். ஆன்லைன் ஆட்டம் என்றால் லிச்செஸே நகர்த்தல் நேரத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிடும்.

அப்புறம், எதிராளியோடு உட்காருவது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தோற்ற கோபத்தில் அல்லது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று. ஆடும் ஹாலுக்குள் அலசக் கூடாது, வெளியே வராண்டாவில் ஒரு பலகையை விரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் டோர்னமென்ட்டுகளில் எதிரே உட்காருவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு முறை அப்படி ஒரு பையன் நடு ஆட்ட நிலையைப் பலகையில் வைத்துவிட்டு, "அங்கிள், இங்க நீங்க ஜி4 தள்ளிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றான். ஜி வரிசைச் சிப்பாயை நான்காவது கட்டத்துக்குத் தள்ளுவதைச் சொன்னான். "நான் அதைப் பார்க்கவே இல்லையே தம்பி" என்றேன். அவனுடைய ஸ்கோர்ஷீட்டை வாங்கிப் பார்த்தால், அந்த இடத்தில்தான் அவன் நேரம் கரைந்திருந்தது. வீட்டில் எஞ்சினைக் கேட்டேன். ஜி4-க்கும் நான் ஆடியதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றது. கணக்குப்படி அது சரிதான். ஆனால் எதிராளி எதற்குப் பயந்தார், எங்கே திணறினார் என்பதை வராண்டாவில் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். அதை அன்று இரவே ஸ்டடியில் எழுதிவிட வேண்டும், மறுநாள் மறந்துவிடும்.

இரவு செய்வது இவ்வளவுதான்: எஞ்சினை அணைத்த நிலையில் ஆட்டத்தை ஏற்றி, ஆடும்போது என்ன நினைத்தேனோ அதை அப்படியே தட்டச்சு செய்கிறேன். "இங்கே ராஜாப் பக்கம் தாக்குவார் என்று பயந்தேன்", "இந்தக் குதிரையைக் கவனிக்கவில்லை", "யானையைப் பரிமாறினால் ஜெயித்துவிடலாம் என்று நம்பினேன்" என்று. அழகாக எழுத வேண்டியதில்லை. எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று என் ஊகத்தையும் எழுதுகிறேன். எஞ்சினை மறுநாள்தான் திறப்பேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஸ்டாக்ஃபிஷ் ஓடத் தொடங்கியதும் அது காட்டும் நகர்த்தல் நமக்கே தோன்றியது போல ஆகிவிடும். "ஆமாம், இது தெரிந்ததுதானே" என்று மனசு ஒப்புக்கொண்டு அடுத்த நகர்த்தலுக்குப் போய்விடும். நேற்று நாம் உண்மையில் என்ன நினைத்தோம் என்பது அழிந்தே போகும். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவரை 2500 ரேட்டிங் தாண்டும் வரை எஞ்சின் இல்லாமலே வளர்த்தார் என்பது செஸ் உலகில் பலரும் அறிந்த செய்தி. அவர்களின் உயரம் வேறு, நம் உயரம் வேறு. ஆனாலும் சொந்த மூளையால் கணக்கிட்டுப் பழக வேண்டும் என்பது நமக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

ஒரு நிலையை மட்டும் கிட்டே காட்டுகிறேன். பலகையில் மூன்றே காய்கள். என் வெள்ளை ராஜா இ3-ல், வெள்ளைச் சிப்பாய் டி2-வில், எதிராளியின் ராஜா டி7-ல். வெள்ளையின் முறை. நான் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி டி4-க்குக் கொண்டுபோனேன். ஆட்டம் டிராவில் முடிந்தது. எஞ்சினைப் போட்டால் அந்த நகர்த்தலுக்கு இரட்டைக் கேள்விக்குறி, அதாவது பெரிய தவறு. பலகையில் ஏழு காய்கள் வரை இருந்தால் லிச்செஸ் டேபிள்பேஸையும் காட்டும். அது எல்லா நிலைகளின் முடிவையும் முன்பே கணக்கிட்டு வைத்த பட்டியல், அதில் பிழைக்கே இடமில்லை. ராஜா டி4 என்றால் வெற்றி, சிப்பாய் டி4 என்றால் டிரா. சரி, தெரிந்துவிட்டது. ஆனால் ஏன்?

அதைப் பலகையில் காயை வைத்து நானே தேடினேன். ராஜா டி4-க்கு வந்தால் கறுப்பு ராஜா எதிரே டி6-ல் வந்து நிற்கும். இப்போது சிப்பாயை ஒரே ஒரு கட்டம், டி3-க்கு நகர்த்த வேண்டும். நகர்த்தும் முறை கறுப்புக்குப் போய்விடுகிறது, அது ஒதுங்கியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் என் ராஜா மறுபக்கமாக முன்னேறிவிடும். அதாவது பின்னால் கிடந்த சிப்பாய்தான் என் கையிருப்பு. அதை முதலிலேயே டி4-க்கு ஓட்டியதால், தேவைப்படும்போது செலவழிக்க நகர்த்தலே இல்லை. "முதலில் ராஜா, அப்புறம் சிப்பாய்" என்று ஸ்டடியில் எழுதினேன். அதற்கு மேலே முந்தின நாள் இரவு எழுதிய வரி இருந்தது: "சீக்கிரம் தள்ளினால் சீக்கிரம் ராணி ஆகும்." இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருப்பதால்தான் எனக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை.

சிப்பாய் முடிவாட்டம் தெரிந்திருப்பது நமக்கு மட்டும் தேவையான விஷயமில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தில் குகேஷை எதிர்த்து ஆடிய டிங் லிரென் தவறாக யானையை எஃப்2-வுக்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை வெட்டி, பிஷப்பையும் பரிமாற வைத்து, வெறும் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும் வெற்றி நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார். நேரலையில், யார் முன்னிலை என்று காட்டும் எஞ்சின் பட்டை எகிறியதை எல்லோரும் பார்த்தோம். பரிமாற்றம் முடிந்த பிறகு அந்த நிலை ஏன் தோல்வி என்று பலகையில் வைத்துப் பார்த்தவர்கள் அதிலிருந்து எவ்வளவோ கற்றுக்கொண்டிருப்பார்கள்.

நிலை யாருக்கு எவ்வளவு சாதகம் என்று காட்டும் எஞ்சின் எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து +1.0 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்று பொருளில்லை. எஞ்சினும் எஞ்சினும் ஆடினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். நம் மட்டத்தில் +0.3-க்கும் +0.8-க்கும் இடையே ஆட்டம் மாறுவதில்லை. அதனால் இரட்டைக் கேள்விக்குறி விழுந்த இடங்களையும், நான் ஊகித்த திருப்புமுனையும் எஞ்சின் சொன்னதும் வேறுபடும் இடங்களையும் மட்டும் பார்க்கிறேன். ஆட்டத்தின் முடிவில் வரும் துல்லிய சதவீதத்தைக் கண்டுகொள்வதே இல்லை. எதிராளி ஆரம்பத்திலேயே காயை இழந்துவிட்டால் யாருக்கும் 90-க்கு மேல் வரும்.

ஓப்பனிங்குக்கு, அதாவது ஆட்டத்தின் தொடக்கத்துக்கு, எந்த நகர்த்தல் எவ்வளவு ஆடப்பட்டது என்று காட்டும் லிச்செஸ் எக்ஸ்ப்ளோரர் மிக நன்று. காரோ-கான் அட்வான்ஸ் என்ற ஓப்பனிங்கில் கறுப்பு பிஷப்பை எஃப்5-க்கு எடுத்ததும் வெள்ளை எச்4 தள்ளுவது இப்போது அடிக்கடி வருகிறது. அதற்குச் சாதாரணமாக இ6 ஆடினால் ஜி4 வரும். பிஷப் இ4-க்கு ஓடினால் எஃப்3, ஜி6-க்குப் போனால் எச்5, பிஷப் மாட்டிக்கொள்ளும். மாஸ்டர்கள் பெரும்பாலும் எச்5 என்று பதிலடி கொடுப்பதை எக்ஸ்ப்ளோரர் காட்டும், ஏன் என்பதை இந்த வரிசையை நாமே ஆடிப் பார்த்தால்தான் புரியும். நம் ரேட்டிங் அளவில் உள்ளவர்கள் என்ன ஆடுகிறார்கள் என்றும் வடிகட்டிப் பார்க்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிரே வரப்போவது அதுதான்.

"உங்கள் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்ற பொத்தானும் எனக்குப் பிடித்தது. விடையை மறைத்து வைத்துவிட்டு, நல்ல நகர்த்தலை நம்மையே தேடச் சொல்லும். களைப்பான நாட்களில் அதை மட்டும் செய்கிறேன். மாறாக, ஆட்டம் முடிந்ததும் பாராட்டு வார்த்தைகளும் வண்ணக் குறிகளும் கொட்டும் தானியங்கி 'கோச்' வசதிகள் எனக்கு உதவவில்லை. "இது உங்கள் காயை ஆபத்தில் விடுகிறது" என்ற ஒரே வாக்கியம் எல்லா ஆட்டத்துக்கும் வருகிறது.

நீண்ட நாள் பயனில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம், தவறுகளைக் காரணப்படி பிரித்ததுதான். எஞ்சின் தவறை அளவு பார்த்துப் பிரிக்கிறது. நான் நோட்டில் மூன்று தலைப்பு வைத்திருக்கிறேன்: பார்க்கவே இல்லை, பார்த்தும் தப்பாக எடைபோட்டேன், நேரம் இல்லை. முதல் வகைக்குப் புதிர்கள் போட வேண்டும். மூன்றாவதற்குக் கடிகாரப் பழக்கம். இரண்டாவது வகைதான் ஆழமானது. அதில் என் பக்கங்களைப் புரட்டினால் அவசரமாகத் தள்ளிய சிப்பாய்களே வரிசையாக வருகின்றன, ஓப்பனிங்கில் ஜி-சிப்பாய், நடு ஆட்டத்தில் எச்-சிப்பாய், முடிவாட்டத்தில் மேலே சொன்ன டி-சிப்பாய். தனித்தனியாக எஞ்சினில் பார்த்தபோது இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத்தான் இருந்தன. இப்போது சிப்பாயைத் தொடும் முன் கையை மடியில் வைத்து இன்னொரு முறை பார்க்கிறேன்.

முன்னாள் உலக சாம்பியன் மிகைல் போட்வினிக் தன் ஆட்டங்களை அலசுவதோடு நில்லாமல் வெளியிடவும் வேண்டும் என்பார், மற்றவர்கள் பிழை பிடிப்பார்கள் என்பதற்காக. நானும் சில அத்தியாயங்களை கிளப் நண்பர்களுக்கு அனுப்புகிறேன். அவர்கள் கேட்கும் "ஏன்ப்பா இதை ஆடல?" என்ற கேள்விக்கு எழுதியே பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது நம் யோசனையின் ஓட்டைகள் நமக்கே தெரிகின்றன.

ரேட்டிங் ஏறியதா என்று கேட்பீர்கள். 2024 மார்ச்சில் ஃபிடே ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1400 ஆக்கி, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒருமுறை கூடுதல் புள்ளி கொடுத்தது. 1500 வைத்திருந்தவருக்குத் தானாகவே 200 கூடியது. அதனால் எண்ணை வைத்துச் சொல்ல மாட்டேன். ஜெயிக்க வேண்டிய முடிவாட்டங்களை ஜெயிக்கிறேன், நேர நெருக்கடி குறைந்திருக்கிறது. அது எனக்கு மெய்யாகவே சந்தோஷம்.

தொடங்குகிறவர்களுக்கு: சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்களை இப்படி அலசாதீர்கள், அவற்றில் எழுத யோசனையே இருக்காது. மாதம் ஒன்றிரண்டு நீண்ட ஆட்டம் போதும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மாலைகள் பிடிக்கும். எஞ்சினை போனில் நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடாகிறது, கணினி இருந்தால் நல்லது. ஸ்டடியைத் திறக்கும்போது யார் பார்க்கலாம் என்ற அமைப்பில் நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் என்ற தேர்வை எடுங்கள். அடுத்த டோர்னமென்ட்டில் உங்களோடு மோதப்போகிறவரும் லிச்செஸில் இருப்பார்.