சிறிய விமான நிலையத்துக்கு எது பொருந்தும்: கோபுரமா, கேமராவா, வெறும் ரேடியோவா?

நாளுக்கு நாலைந்து விமானங்கள் வந்துபோகும் ஓடுபாதைக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் பெரிய சுமை. கட்டடச் செலவு ஒருமுறையோடு போகும். ஆள் செலவு ஓயாது. ஷிஃப்ட் போட்டு ஆள் வைத்தாலும், பெரும்பாலான நேரம் அவர்கள் காலி ஓடுபாதையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோபுரமே இல்லாமல் இருந்தால் என்ன? அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் சுமார் 5,000 விமான நிலையங்களில் ஏறத்தாழ 500-இல்தான் கோபுரம் உண்டு. மற்ற இடங்களில் விமானிகள் ஒரே அலைவரிசையில் தாங்கள் எங்கே இருக்கிறோம், என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். போக்குவரத்து குறைவாக இருந்தால் இதுவே போதும். ஆனால் வேகமான ஜெட்டும் மெதுவான பயிற்சி விமானமும் ஓடுபாதையைச் சுற்றிவரும் ஒரே பாதையில் கலக்கும்போதும், யாராவது தவறான அலைவரிசையில் பேசும்போதும் இந்த ஏற்பாடு தடுமாறும்.

கேமரா வழியே தொலைவிலிருந்து பார்த்துக் கட்டுப்படுத்தும் தொலைநிலைக் கோபுரம் 2015 ஏப்ரலில் ஸ்வீடனில் நடைமுறைக்கு வந்தது. ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையத்தை, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சுன்ட்ஸ்வாலில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் திரையில் பார்த்து இயக்கினார்கள். 2021-இல் லண்டன் சிட்டி விமான நிலையமும் 50 மீட்டர் கம்பத்தில் 16 கேமராக்களைப் பொருத்தி, கட்டுப்பாட்டைத் தெற்கு இங்கிலாந்தில் உள்ள ஸ்வான்விக் மையத்துக்கு மாற்றியது.

திரையில் கண்ணாடி ஜன்னலைவிடக் கூடுதலாகவே தெரியும். அகச்சிவப்புக் கேமராவில் இரவில் ஓடுபாதைக்குள் நுழைந்த விலங்கு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். நகரும் விமானத்தின் மேலேயே அதன் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டு வரும். சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று ஜூம் செய்து பார்க்கலாம். மைக் வைத்து எஞ்சின் சத்தத்தையும் அறைக்குள் கொண்டுவருகிறார்கள். குறையும் உண்டு. தட்டையான படத்தில் இரண்டு விமானங்களில் எது அருகில், எது தூரத்தில் என்று கணிப்பது கடினம். லென்ஸில் ஒரு மழைத்துளி நின்றாலோ சிலந்தி வலை பின்னினாலோ வானத்தில் ஒரு துண்டு மறைந்துபோகும். அதற்காகவே கேமரா உறையில் காற்றை ஊதும் குழாய் வைக்கிறார்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இணைப்புதான். கோபுரத்தில் மின்சாரம் போனாலும் கண் இருக்கும், கையில் சிக்னல் விளக்கு இருக்கும். இங்கே ஃபைபர் அறுந்தால் எல்லாமே இருட்டு. ஒரே பள்ளத்தில் புதைத்த இரண்டு கேபிள்கள் இரண்டு இணைப்புகள் ஆகாது. ஒரு மண்வெட்டி போதும் இரண்டையும் அறுக்க. வெவ்வேறு வழியில் ஓடும் தடங்களுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது.

அமெரிக்காவின் லீஸ்பர்க்கில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே 2018 முதல் இயங்கிய தொலைநிலைக் கோபுரம், சான்றிதழ் பெறாமலேயே 2023 ஜூனில் மூடப்பட்டது. சக்கரம் வைத்த நடமாடும் கோபுரத்தைக் கொண்டுவந்து சமாளித்தார்கள். கான்கிரீட் கோபுரத்தை யாரும் இப்படித் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது.

இந்த விவாதத்தில் பலர் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். எங்கிருந்து பார்ப்பது என்பது ஒன்று. தரையிறங்கவும் புறப்படவும் அனுமதி கொடுப்பதா, தகவல் மட்டும் சொல்வதா என்பது வேறு. நார்வே 2019-இல் ரோஸ்ட் தீவு விமான நிலையத்தை போடோ நகரிலிருந்து பார்க்கத் தொடங்கியபோது, அங்கே கொடுத்தது தகவல் சேவைதான். காற்று எப்படி, ஓடுபாதை காலியா, வேறு யார் வருகிறார்கள் என்று சொல்வார்கள்; முடிவு விமானியுடையது. சிறிய நிலையங்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

ஒரே ஒரு நிலையத்துக்காக மட்டும் கேமரா மையம் அமைப்பதில் லாபம் குறைவு, ஏனென்றால் ஆள் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது. நாலைந்து நிலையங்கள் ஒரே மையத்தைப் பகிர்ந்தால்தான் கணக்குச் சரிவரும். அப்போதும் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை நிலையங்களைப் பார்ப்பார் என்பதைக் கட்டுப்பாட்டாளர்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இரண்டு ஓடுபாதைகளில் ஒரே நிமிடத்தில் இரண்டு விமானிகள் அழைத்தால் பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.