காசா, பட்டன் பேட்டரியா: காத்திருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?

குழந்தை எதையோ விழுங்கிவிட்டது: காசா, ரிமோட்டில் போடும் காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரியா? விடியட்டும் என்று இருப்பதா, இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா?

ஆபத்து
காசு: வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வந்துவிடும்.
பேட்டரி: உணவுக்குழாயில் சிக்கினால் எச்சில் பட்டு மின்சாரம் ஓடும், அங்கே ரசாயனக் காரம் (ஆல்கலி) உருவாகி 2 மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கும். ரிமோட்டுக்குப் பயன்படாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும், ஏமாந்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரே
காசு: ஒற்றை வட்டம்.
பேட்டரி: ஓரத்தில் பெரும்பாலும் இரட்டை வளையம்.

வீட்டில்
இரண்டுக்கும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பேட்டரி என்றால், 1 வயது தாண்டி, விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் தரலாம்.

காசுதான் என்று கண்ணால் பார்த்து, குழந்தை எச்சில் வடிக்காமல், மூச்சுத் திணறாமல் இருந்தால் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுக் காலையில் போகலாம். துளி சந்தேகம் இருந்தாலும் சரி, பேட்டரி என்றே வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.